சுத்தம் செய்த குரல்

சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வராது, மாதாந்திரப் பராமரிப்பு என்று நேற்றே செய்தி வந்துவிட்டது, ஆகையால் பிரம்மசக்திக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கரண்ட் மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த ஊரிலோ ஒரு டாக்டர் கொட்டாவிக்கு நடுவில் சொல்லி அனுப்பிய நோயாளிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள், தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று தன்னிடமே கதை விட்டிருப்பாள். இப்போது கணினி செத்துக் கிடந்தது, விசிறி நின்றுவிட்டது, தூத்துக்குடிப் புழுக்கம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. மேஜை மேல் போன். அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள், அது என்னவோ அவளைப் பார்த்துவிடும் என்பது மாதிரி. சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், அணைந்துவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு ஓடியது, ஓடிய கையோடு தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரிய காரியம் ஒன்றுமில்லை. சங்கரன்கோவிலில் முப்பிடாதி என்கிற பெண்ணுக்குப் போன் போட்டு, நீங்கள் கேட்டது உங்கள் புருஷன் பேசினபடி இல்லை, நான்தான் வெட்டிச் சரிசெய்தேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு நல்லபடியாக அமைந்த எந்த மனுஷரும் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயம். பிரம்மசக்தி தன் ஆயுளில் தானாக வலிந்து ஒருவருக்கும் போன் போட்டுப் பேசியதில்லை.

காலையில் வந்த குரல்செய்தியை இனிக் கேட்கக் கூடாது என்று வைத்திருந்தாள், கேட்காமலே அது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. “யக்கா, நான் பேச்சிமுத்து வீட்டுக்காரி பேசுதேன். நீங்க போட்டிருந்த அவுக பேச்சை என் கொழுந்தன் போன்ல போட்டுக் காமிச்சாக. அவுகதானான்னு ரெண்டு மட்டம் கேட்டேன். தடங்காம, கடகடன்னு, ரேடியோல பேசுத மாதிரில்லா பேசிருக்காக. எங்கிட்ட ஒருநாளும் அப்படிப் பேசலியே யக்கா. ஒரு வாய் சோறு வேணும்னு கேக்கதுக்கே அந்தப் பாடு படுவாக. அப்போ எங்கிட்டன்னா மட்டும் வாய் கட்டிக்கிடுமா? எம் மாமியா அப்பவே சொல்லும், உன் மூஞ்சப் பாத்துத்தாம்ட்டி எம்புள்ளைக்கு வாய் அடச்சிப் போச்சுன்னு. இப்போ சாவுத் துட்டி கேக்க வாரவுககிட்டயெல்லாம் அதப் போட்டுக் காமிக்கி. இந்தா கேளுங்க, எம்புள்ள வெளிய எப்படிப் பேசிருக்கான், இவ வந்துதான் கெடுத்தான்னு. நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். மைக்செட்டுல போடணும்னு சொல்லிட்டாக, ஊரே கேக்கும். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், எழுதிப் போடாதீங்க, போன்ல சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடுதேன், அந்தப் பொம்பளையும் கேக்கட்டும். நெசமாவே உங்ககிட்டயெல்லாம் அவுக அப்படித்தான் பேசுவாகளா?” அழுகை இல்லை அந்தக் குரலில். அழுதிருந்தால் தேவலை. கேள்வியாகவே கேட்டிருந்தாள், பதில் எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்கிற தோரணையில். செத்துப்போனவன் தன்னோடு பேசத்தான் பிடிக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று ஒரு பெண் மிச்ச நாள் பூராவும் நம்பிக்கொண்டு கிடப்பாள். அதற்குச் சாட்சி நாளைக்கு ஒலிபெருக்கியில் ஏறப்போகிறது. அந்தச் சாட்சியைத் தயார் பண்ணினவள் இங்கே நைட்டியின் கழுத்தால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவர்கள் குழுவுக்குப் பெயர் ‘தடங்கலுக்கு வருந்தோம்’. பழைய டிவியில் படம் நின்றுபோனால் எழுதிப் போடுவார்களே, அதைத் திருப்பிப் போட்டு வைத்த பெயர், வைத்தது காஜா மைதீன் அண்ணன், கடையநல்லூர்க்காரர், துபாயில் கணக்கு எழுதுகிறவர், திக்குகிறவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இணையத்தில் ஒரு குரல் அறையில் கூடிப் பேச வேண்டும் என்று ஆரம்பித்தவரும் அவரே. காமிரா கிடையாது, திக்கும்போது முகம் போகிற கோணலை யார் பார்ப்பது. ஒரே ஒரு சட்டம்தான்: ஒருவர் சொல் பாதியில் நின்றால் இன்னொருவர் அதை முடித்து வைக்கக் கூடாது, மெதுவாகச் சொல்லுங்கள் என்று தேற்றவும் கூடாது, மைக்கை அடைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். புதிதாக யார் வந்தாலும் ஊர், வேலை எல்லாம் பிறகு, முதல் கேள்வி “நீங்க எந்த எழுத்து?” என்பதுதான். காஜா அண்ணன் ‘க’. கரூரில் ஒரு வாத்தியார் ‘த’, தன் பாடமான தமிழையே சொல்ல மாட்டாமல் வகுப்பெடுக்கிறவர். பிரம்மசக்தி ‘ப’. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது ‘பிரசன்ட் மிஸ்’ சொல்ல உதடு பிரிவதற்குள் அடுத்த பெயர் போய்விடும், முதல் பெஞ்சில் குத்துக்கல்லாக உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் ஆப்சென்ட் ஆனவள். பாளையங்கோட்டைக்குப் போக வேண்டுமென்றால் திருநெல்வேலி என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு நடுவிலேயே இறங்கிவிடுவாள். பரோட்டாவுக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்து தோசை தின்றுவிட்டு வருவாள். குழுவில் இன்னொரு ‘ப’ பேச்சிமுத்து. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். பேச்சியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை, அதனால் அந்தப் பெயர், பெயரிலேயே பேச்சை வைத்துக்கொண்டு வாயில என்னடே கொழுக்கட்டையா என்று ஊர் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் முத்து என்று சுருக்கிக்கொண்டு தப்பித்திருப்பார்கள். அவர் ஒவ்வொரு ஞாயிறும் முழுப் பெயரையும் சொல்லித்தான் ஆரம்பிப்பார். வீட்டில் வைத்துப் பேசக் கூச்சமென்று, கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டு பேசுவார். ‘ப்’ என்று உதடு ஒட்டும், அப்புறம் ரோட்டில் போகிற லாரிச் சத்தம் மட்டும் கேட்கும், எல்லோரும் மைக்கை அடைத்துக்கொண்டு இருப்பார்கள், இன்னொரு லாரி போகும். போன மாதம் அந்த ரோட்டில்தான் ஒரு லாரி அவரை அடித்துப் போட்டது. அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் பிரம்மசக்தி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், இப்போதும் எழுந்து போனாள், பானையில் தண்ணீர் அடியில் கிடந்தது.

கூட்டங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவள் யோசனை. இத்தனை வருஷம் பேசியது காற்றோடு போகிறதே, அவரவர் போனில் பதிந்து வைத்திருப்பதையெல்லாம் எனக்கு அனுப்புங்கள், தேதி போட்டு, பெயர் போட்டு, இணையத்தில் ஒரு பக்கத்தில் ஏற்றி வைக்கிறேன் என்று எழுதினாள். எழுத்தில் அவளுக்குத் திக்காது. எந்த ஊரிலாவது ஒரு பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று வாய் வராமல் முழித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழும், அது இதைக் கேட்கட்டும், தான் ஒருத்தி மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது. முதல் பதிவைக் கணினியில் திறந்தாள். வேலையில் ஒரு பழக்கம், டாக்டர் யோசித்துக்கொண்டு சும்மா இருக்கிற இடத்தையெல்லாம் மென்பொருளே சுருக்கிவிடும், அதற்கென்று ஒரு பொத்தான், விரல் தன்பாட்டில் அங்கே போய்விட்டது. அழுத்தினாள். நீளமாகக் கிடந்த கூட்டம் கையடக்கமாகச் சுருங்கியது. ஓட்டிப் பார்த்தாள். ‘வணக்கம், நான் பிரம்மசக்தி, தூத்துக்குடி’ என்று ஒரு பெண் சொன்னாள். யார் இவள் என்று நிஜமாகவே ஒரு கணம் யோசித்தாள். மறுபடி போட்டாள். ‘நான் பிரம்மசக்தி’. முப்பத்தைந்து வயதுக்குத் தன் பெயரைத் தன் குரலில் ஒரே மூச்சில் கேட்டது அன்றைக்குத்தான். கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டாள், போட்டுக்கொண்டே அழுதாள், சந்தோஷத்தில்தான் அழுதாள், இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் அருவருப்பாக இருக்கிறது. அதற்குப் பிறகு அவளை யாரால் பிடிக்க முடியும். மென்பொருள் மௌனத்தை மட்டும்தான் எடுக்கும், பே-பே-பே என்று வருவதை விட்டுவிடும், அதைக் கையால் எடுத்தாள். கீரை ஆய்கிற மாதிரி உட்கார்ந்து, இரண்டு பே-யைக் கிள்ளி எறிந்து ஒன்றை வைத்தாள், ஒட்டு தெரியாமல் ஒட்டினாள். ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் ‘சுத்தம்’ என்று பெயர் சேர்த்தாள். கடைசியில் பார்த்தால் திக்குகிறவர்களின் காப்பகத்தில் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு திக்கல் அகப்படாது.

ஒருத்தராவது கேட்டிருக்கலாம். என்னம்மா இது, இது நாம் இல்லையே என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. கரூர் வாத்தியார் தன் பேச்சைத் தன் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினார். ஒருத்தர் தன் குரலையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார். காஜா அண்ணன் ‘மாஷா அல்லாஹ், நம்ம ஆளுங்க எப்படிப் பேசுறாங்க’ என்று எழுதினார், எழுத்தில்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் எல்லோரும் கூட்டாக அந்தப் பொய்யை மென்று விழுங்கிவிட்டார்கள், அவளும் விழுங்கினாள், இனித்தது. பேச்சிமுத்து மட்டும் ஒன்றும் எழுதவில்லை, பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது அவரோடு போய்விட்டது. அவர் போன பிறகு அஞ்சலிக் கூட்டத்தில் போட ஒரு துண்டு வேண்டும் என்றார்கள், கிணற்று மோட்டாருக்குள் பாம்பு புகுந்துகொண்டதை அவர் சொன்ன கதையை எடுத்துப் போட்டாள், அன்றைக்குக் கூட்டத்தின் பாதியை எடுத்துக்கொண்ட கதை, இப்போது பல் தேய்த்து முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதைத்தான் முப்பிடாதியின் கொழுந்தன் எங்கிருந்தோ பிடித்திருக்கிறான். சரி, அசலை அனுப்பிவிட்டால் தீர்ந்தது, ஒரு வார்த்தை பேச வேண்டாம், அவளே கேட்டுக்கொள்ளட்டும். அசல் எங்கே இருக்கிறது. கணினியில் இடம் போதவில்லை என்று பழையதையெல்லாம் அழித்தாள், நிச்சயமாக அழிக்கட்டுமா என்று கேட்டது, ஆமாம் என்று தட்டினாள். குழுவிலும் எழுதியிருந்தாள், எல்லாம் பத்திரமாக ஏற்றிவிட்டேன், உங்கள் போனில் இருப்பதை அழித்து இடத்தைக் காலி செய்துகொள்ளுங்கள் என்று. நல்ல பிள்ளைகள், சொன்னபடி செய்துவிட்டார்கள். இன்று காலையில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்துவிட்டாள், ஒருவரிடமும் ஒரு துண்டும் மிச்சமில்லை. காஜா அண்ணன் மட்டும் நீளமாக எழுதினார். ‘விட்டுடும்மா. பெத்தவ மனசு குளிர்ந்து போகட்டும். இதைச் சொல்லப் போனா எல்லாரோடதும் வெளிய வரும். வாத்தியார் சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க, யோசிச்சுப் பாரு.’ யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்வது பூராவும் நியாயமாகத்தான் பட்டது, நியாயமாகப் பட்டதுதான் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த நியாயத்தில் ஒரு பெண் ஊர் நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள், அது அவர் கணக்கில் வரவே இல்லை.

சொல்ல வேண்டியதை மனசுக்குள் கட்டிப் பார்த்தாள். பேச்சு, பதிவு, பொய், பிழை, எல்லாம் அந்தப் பாழாய்ப்போன எழுத்திலேயே வந்து நிற்கிறது, தமிழில் இவளுக்கென்று வஞ்சகமாகச் சேர்த்து வைத்தது மாதிரி. பிழைக்குத் தப்பு என்று சொல்லலாம். பேச்சிமுத்துவுக்கு உங்க வீட்டுக்காரர். பொய்க்கு என்ன போடுவது. பிரம்மசக்திக்குச் சக்தி. அப்படிச் சுற்றி வளைத்துப் பேசினால் திக்காமல்கூடப் பேசிவிடலாம், பேசிவிட்டால் ஸ்பீக்கரில் கேட்கிற மாமியார் என்ன சொல்லுவாள், இந்தா இவளும்தான் நல்லாப் பேசுதா, எம்புள்ளையும் நல்லாத்தான் பேசிருப்பான், நீ பேசாமப் போட்டி. திக்கினாலோ அத்தனை சனத்துக்கு நடுவில் சிரிப்பு. சின்ன வயதில் தபால் ஆபீஸில் ஒருமுறை அப்பா பெயரைக் கேட்டார்கள், பரமசிவம், உதடு ஒட்டிக்கொண்டது, வரிசையில் நின்றவன் ஒருவன், அப்பா பேரே தெரியலியா பாப்பாவுக்கு என்றான், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் கன்னத்தில் எங்கேயோ இருக்கிறது, போன் எடுக்கும்போதெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். பக்கத்து அறையில் அம்மா வெறுந்தரையில் படுத்து விசிறிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் கொடுத்துப் பேசச் சொல்லலாமா. அம்மாவுக்கு மகள் சொல் நடுவில் நின்றால் பொறுக்காது, பாசத்தில்தான், எடுத்துக் கொடுத்துவிடுவாள், அவள் நினைத்தது ஒன்றாகவும் அம்மா எடுத்துக் கொடுத்தது ஒன்றாகவும் இருக்கும், சரி போகட்டும் என்று அம்மா சொன்னதையே வைத்துக்கொள்வாள், பிடித்த புடவை, பிடித்த படிப்பு, இப்படிப் பல அம்மா சொல்லி முடித்ததாகவே போய்விட்டன. “ஏட்டி சக்தி, அந்தப் போனைப் பேசித் தொலச்சிட்டியா இல்லியா?” என்று அம்மா அங்கிருந்தே கேட்டாள். “பே...” என்று இவள் ஆரம்பிக்க, “பேசிட்டியா, நல்லதாப் போச்சு” என்று அம்மா முடித்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அதைக் கேட்டதும் பிரம்மசக்திக்குச் சுரீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அம்மா மேல் இல்லை. போனைத் திருப்பினாள். அணைவதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. யோசித்தால் விரல் நின்றுவிடும் என்று யோசிக்காமல் எண்ணைத் தொட்டாள்.

மணி அடித்தது. எடுக்காமல் போகட்டும் எடுக்காமல் போகட்டும் என்று இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். “அலோ, யாரு?” பின்னால் பாத்திரங்கள், ஆண்கள் பேச்சு, மைக்செட்காரன் ஒருவன் அலோ அலோ என்று ஊதிப் பார்க்கிற சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். சக்தி என்று சொல்ல வேண்டும் என்றுதான் வைத்திருந்தாள், வாய் பிரம்மசக்தி என்று கிளம்பிவிட்டது, ‘ப்’ என்று உதடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு உள்ளேயிருந்து முட்டியது. கண் இறுக மூடிக்கொண்டது, கால் தன்பாட்டில் தரையைத் தட்டியது. ஒன்றும் வரவில்லை. “யாருட்டி அது?” என்றாள் ஒரு கிழவி. “தெரியலத்தே, சத்தத்தக் காணோம்.” “டவர் இருக்காது, வச்சித் தொலை” என்றது ஓர் ஆண் குரல். வைத்துவிடுவார்கள், இதோ வைத்துவிடுவார்கள், வைத்துவிட்டால் மறுபடி போட மாட்டாள், அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் போன் காதில் உரசுகிற சத்தம். அப்புறம் முப்பிடாதி மெல்லச் சொன்னாள்: “இருங்க, வைக்கண்டாம். ஆளு இருக்கு. மூச்சு கேக்கு. வரும்.” கிழவி என்னவோ முனகினாள். “வரும்ங்கேன்ல” என்றாள் முப்பிடாதி. அதன் பிறகு அவள் அலோ என்றுகூடச் சொல்லவில்லை. குழுவில் சட்டம் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். இவள் அடுப்பில் உலையை வைத்துவிட்டு நிற்கிற மாதிரி நின்றாள், பிரம்மசக்திக்காக அப்படி ஒருவரும் நின்றதில்லை. உதடு பிரிந்தது. பெயரைச் சொன்னாள். பேச்சிமுத்து பெயரையும் சொன்னாள், சுருக்காமல், அதற்கும் ஒரு பாடு பட்டு. “அண்ணன் எ-எங்ககிட்டயும் தி-திக்கித்தான் பேசுவாரு. எல்லார்கிட்டயும். நீங்க கேட்டது ப்... பொய். நான்தான் வெ-வெட்டி ஒட்டினேன்.” மைக்செட்காரன்கூட நிறுத்திவிட்டான். “என்ன சொல்லுதா, இவளுக்கும்லா வாய் இழுக்கு” என்றாள் கிழவி, அப்புறம், “வெட்டுனாளா? எம்புள்ள பேசுனதையா?” என்றாள், அந்தக் குரல் உடைந்ததைக் கேட்டதும், இதுவரை பேய் மாதிரி பயமுறுத்திய அந்தக் கிழவியும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே என்று பிரம்மசக்திக்கு உறைத்தது.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள் போல, இரைச்சல் விலகியது. முப்பிடாதி நடந்தாள், எங்கேயோ கொல்லைப்புறமாக இருக்க வேண்டும், கோழி ஒன்று கொக்கரித்தது. “அப்போ எங்கிட்ட மட்டும்னு இல்ல” என்றாள், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. மூக்கை உறிஞ்சினாள். பிரம்மசக்திக்குத் தோளிலிருந்து ஒன்று இறங்கியது, முடிந்துவிட்டது, வைத்துவிடலாம், இனித் தண்ணீர் பிடித்து முகத்தைக் கழுவலாம். “யக்கா, கோவிச்சிக்கிடாதீங்க, ஒண்ணு கேக்கேன்” என்றாள் முப்பிடாதி. “அந்த வெட்டுனதெல்லாம் எங்க வச்சிருக்கிய? எனக்கு அத அனுப்புங்க. பேசுனத மாமியா வச்சிக்கிடட்டும், பெத்தவ, ஆசயா இருக்கும். எனக்கு அந்தத் துண்டு போதும். பேச்சு வாரதுக்கு முன்ன மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிப்பாகல்லா, வெளக்க அணைச்ச பொறவு அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவுக எங்கிட்ட என்னமோ சொல்ல வாராகன்னு எனக்குத் தெரியும். என்ன சொன்னாகங்கிறது பாதி மறந்துபோச்சு. அதுதான் காதுலயே இருக்கு. வச்சிருக்கியள்லா?”

பிரம்மசக்தி வாயைத் திறந்தாள். அடைக்கும் என்று காத்திருந்தாள், அடைத்தால் கொஞ்ச நேரமாவது கிடைக்கும் என்று வேண்டிக்கொண்டாள், அடைக்கவில்லை. “இல்ல, எல்லாத்தையும் அழிச்சிட்டேன்” என்றாள், ஒரே மூச்சில்.